36 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்

ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் எனக்குப் புத்தகமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். வண்டியின் வேகத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே போய்விடுவேன். மின்மயமான பாதையில் தண்டவாளத்தை ஒட்டி வரிசையாகக் கம்பங்கள் நிற்கும். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சின்னத் தகடு, அதில் இரண்டு எண்கள். மேலே இருப்பது கிலோமீட்டர். கீழே இருப்பது அந்தக் கிலோமீட்டருக்குள் அந்தக் கம்பத்தின் வரிசை எண். 212-க்குக் கீழே எண்கள் ஏறிக்கொண்டே வந்து, சட்டென்று மேல் எண் 213 ஆகும். அப்போது ஃபோனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுவேன். 214 கண்ணில் பட்டதும் நிறுத்துவேன். 36 விநாடி என்றால் வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகிறது. 40 என்றால் 90. 45 என்றால் 80. 48 என்றால் 75. சரியாக ஒரு நிமிடம் ஆனால் 60, அதற்குக் கணக்கே வேண்டாம்.

ஃபோனில் ஜி.பி.எஸ். இருக்கிறதே, ஆப்பைத் திறந்தால் வேகத்தைக் காட்டிவிடுமே என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பதுண்டு. காட்டும்தான். குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவரிடம் போய் விடை நாளைக்குப் பேப்பரில் வந்துவிடுமே என்று சொல்வது மாதிரிதான் அது.

கணக்கு சின்னது. ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி. ஒரு கிலோமீட்டருக்கு 36 விநாடி ஆனால், 3,600 விநாடியில் எத்தனை கிலோமீட்டர்? 36-க்கு 1 என்றால் 3,600-க்கு 100. அவ்வளவுதான். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கையால் தட்டுகிறோம், கண்ணால் பார்க்கிறோம், ஒரு விநாடி முன்னே பின்னே ஆகும். 36-க்குப் பதில் 35 என்று வந்தால் வேகம் 102.9, 37 என்று வந்தால் 97.3. ஒரு விநாடிப் பிசகு, விடையில் கிட்டத்தட்ட 3 கி.மீ. வித்தியாசம். அதனால் நான் ஒரு கிலோமீட்டரோடு விடமாட்டேன், ஐந்து கிலோமீட்டர் பார்ப்பேன். 180 விநாடியில் அதே ஒரு விநாடி தவறினாலும் விடை 99.4-க்கும் 100.6-க்கும் நடுவில்தான் இருக்கும். பிசகு அதேதான், அதைத் தாங்கும் தூரம்தான் கூடியிருக்கிறது.

சரி, கம்பங்களையே எண்ணி வேகம் கண்டுபிடிக்கலாமே? அங்கேதான் இடிக்கும். நேரான பாதையில் கம்பத்துக்குக் கம்பம் வழக்கமாக 72 மீட்டர் வரை விடுவார்கள். வளைவு வந்துவிட்டால் நெருக்கி நடுவார்கள்; இல்லாவிட்டால் மேலே ஓடும் மின்கம்பி பாதையின் நடுவை விட்டு விலகிவிடும். ஆக, பத்துக் கம்பம் தாண்டியது என்றால் எவ்வளவு தூரம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எண்ணுவதற்கு எடுத்துக்கொண்ட துண்டு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கம்பம் அப்படி இல்லை, கிலோமீட்டர் அப்படி.

கிலோமீட்டர் எண் தேவைப்படாத ஒரு பழைய வித்தையும் உண்டு. முன்பெல்லாம் தண்டவாளத்தை 13 மீட்டர்த் துண்டுகளாக, இணைப்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். சக்கரம் ஒவ்வொரு இணைப்பையும் தாண்டும்போது 'டடக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை 46.8 விநாடிக்கு எண்ணினால் போதும், எண்ணிக்கைதான் வேகம். 70 சத்தம் என்றால் மணிக்கு 70 கி.மீ. பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம்.

அது என்ன 46.8? 13 மீட்டருக்கும் ஒரு கிலோமீட்டருக்கும் என்ன விகிதமோ, அதே விகிதம் இந்த நேரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 13 : 1,000 என்பது எத்தனை விநாடி : 3,600? 13 × 3.6 = 46.8. தூரத்தையும் நேரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிவிட்டதால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதும் 46.8 விநாடிக்கு எத்தனை தண்டவாளம் என்பதும் ஒரே எண்ணாக வந்து நிற்கின்றன. எண்ணும்போது முதல் சத்தத்தைப் பூஜ்யம் என்று தொடங்க வேண்டும், ஒன்று என்று தொடங்கினால் ஒரு தண்டவாளம் சும்மா கூடிவிடும். இப்போது பெரும்பாலான பாதைகளில் தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டார்கள். தண்டவாளம் பிரியும் பாயிண்ட்களிலும் ஸ்டேஷனுக்குள் நுழையும்போதும்தான் அந்தச் சத்தம் கேட்கிறது. பயணத்துக்கு நல்லது, கணக்குக்கு நஷ்டம்.

இதே தந்திரத்தைக் கடலில் பல நூறு வருடங்களுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். பாய்க்கப்பலின் வேகத்தை எப்படி அளப்பது? நடுக்கடலில் கம்பமா நிற்கிறது? முக்கோண வடிவப் பலகை ஒன்றின் அடிப்பக்கத்தில் ஈயம் வைத்து, நீண்ட கயிற்றில் கட்டி, கப்பலின் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். பலகை தண்ணீரில் நிமிர்ந்து போட்ட இடத்திலேயே நிற்கும், கப்பல் அதை விட்டு விலகிப் போகப்போகக் கயிறு உருளையிலிருந்து அவிழ்ந்துகொண்டே போகும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒருவர் 28 விநாடி ஓடும் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருப்பார். இன்னொருவர் விரலுக்கிடையில் முடிச்சுகள் ஓடுவதை எண்ணுவார். மணல் தீர்ந்ததும் கயிற்றை அமுக்கிப் பிடித்து நிறுத்த வேண்டும். ஆறு முடிச்சு ஓடியிருந்தால் கப்பல் மணிக்கு ஆறு கடல் மைல் போகிறது. கப்பல் வேகத்தை இன்றைக்கும் 'நாட்', அதாவது முடிச்சு, கணக்கில் சொல்வது இதனால்தான்.

சரிபார்த்துவிடலாம். 3,600-ஐ 28-ஆல் வகுத்தால் 128.57. அதை 47.25 அடியால் பெருக்கினால் 6,075 அடி. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6,076 அடி. ஒரே ஒரு அடிதான் துண்டு விழுகிறது! கப்பல் வேகமாகப் போகிற நாளில் கயிறு முழுவதும் ஓடித் தீர்ந்துவிடும் என்பதால் 14 விநாடிக் கடிகாரம் ஒன்றும் தனியாக வைத்திருந்தார்கள். அதில் மூன்று முடிச்சு என்றால் ஆறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நேரம் பாதி, அதனால் எண்ணிக்கை இருமடங்கு. எழுதப் படிக்கத் தெரியாத மாலுமியும் இதைச் செய்துவிட முடியும். கணக்கு முழுவதையும் முடிச்சுப் போட்டவர் முன்னாலேயே போட்டு முடித்துவிட்டார்.

இந்துமாக் கடலில் ஓடிய அரபு மாலுமிகள் தூரத்தையே நேரத்தால் சொன்னார்கள். 'ஸாம்' என்பது அவர்களுடைய அளவு, மூன்று மணி நேரம் பாய் விரித்து ஓடும் தூரம். இந்தத் துறைமுகத்திலிருந்து அது இத்தனை ஸாம். நம்மிடம் நாழிகை வழி என்று ஒன்று இருந்தது. ஒரு நாழிகை 24 நிமிடம். மணிக்கு 5 கி.மீ. நடப்பவருக்கு அது சரியாக 2 கி.மீ. நடப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடந்த காலம் வரைக்கும் அந்த அளவு செல்லும். இப்போதும் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் 'பஸ்ஸுல ஒரு மணி நேரம்' என்றுதான் பதில் வருகிறது. எந்த பஸ் என்பதைக் கேட்டவரே யூகித்துக்கொள்கிறார்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நேர் விகிதம், எதிர் விகிதம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, இதுல குறுக்கப் பெருக்கணுமா, நேராப் பெருக்கணுமா?"

கணக்கு என்ன என்று கேட்டேன். ஒரு வண்டி 45 நிமிடத்தில் 36 கி.மீ. போகிறது, அதே வேகத்தில் 20 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகும்? அவள் ஏற்கெனவே ஒரு வழியில் தொடங்கியிருந்தாள். வேகம் = தூரம் / நேரம் என்று எழுதி, 45 நிமிடத்தை 0.75 மணி என்று மாற்றி, 36-ஐ 0.75-ஆல் வகுத்து, மணிக்கு 48 கி.மீ. என்று கண்டுபிடித்து, அப்புறம் 20 நிமிடத்தை மணியாக்கும்போது 0.333 என்று வந்து மாட்டிக்கொண்டிருந்தாள். 48-ஐ 0.333-ஆல் பெருக்கினால் 15.984. விடைப் பக்கத்தில் 16.

"45 நிமிஷத்துல 36. அஞ்சு நிமிஷத்துல?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "ஒம்பதுல ஒரு பங்கு... நாலு."

"இருபது நிமிஷத்துல?"

"பதினாறு. இவ்வளவுதானா மாமா?"

இவ்வளவுதான். இதில் வேகம் எங்கேயும் வரவே இல்லை என்பதைத்தான் அவளுக்குக் காட்ட நினைத்தேன். மணிக்கு 48 என்பதைக் கேள்வியும் கேட்கவில்லை, விடைக்கும் அது தேவையில்லை. நேரம் 45-லிருந்து 20-க்கு எந்த விகிதத்தில் சுருங்கியதோ, தூரமும் அதே விகிதத்தில் சுருங்கும். மணி, நிமிடம் என்று அலகு மாற்றிக்கொண்டிருக்கவே வேண்டாம். நிமிடத்துக்கு நிமிடம், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர். சூத்திரம் போட்டால் மார்க் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப் பட்ட கணக்குகளில் பாதிக்கு மேல் சூத்திரம் சுற்றுவழி.

பழைய ஆட்கள் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபடீயத்தில் இதற்கு விதி இருக்கிறது. திரைராசிகம் என்று பெயர். தெரிந்த மூன்றை வைத்துத் தெரியாத நான்காவதைக் கண்டுபிடிப்பது. 628-இல் பிரம்மகுப்தர் அதை எழுதும் ஒழுங்கையும் சொல்கிறார். முதலில் தெரிந்த அளவு, நடுவில் அதன் பலன், கடைசியில் நமக்கு வேண்டிய அளவு. முதலும் கடைசியும் ஒரே வகைப் பொருளாக இருக்க வேண்டும். பலனை வேண்டிய அளவால் பெருக்கி, தெரிந்த அளவால் வகுத்துவிடு. நம்முடைய கணக்கில் 45 நிமிடம், 36 கி.மீ., 20 நிமிடம்; 36 × 20 / 45 = 16. ஒன்று கூடினால் மற்றது குறையும் கணக்குகளுக்குத் தனியாக வியஸ்த திரைராசிகம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். இதே விதி ஐரோப்பிய வணிகர்களிடம் போனபோது அவர்கள் அதைத் தங்க விதி என்றார்கள். வட்டி, சரக்கு விலை, நாணய மாற்று எல்லாம் அதில்தான் ஓடின.

கலிலியோ வரைக்கும்கூட, தூரத்தை நேரத்தால் வகுத்து இதுதான் வேகம் என்று ஓர் எண்ணை எழுதும் பழக்கம் வரவில்லை. யூக்ளிட் வகுத்த வழியில் விகிதம் என்பது ஒரே வகை அளவுகளுக்குள்தான். தூரத்தைத் தூரத்தோடு ஒப்பிடலாம், நேரத்தை நேரத்தோடு ஒப்பிடலாம். தூரத்தை நேரத்தால் வகுப்பது அவர்களுக்கு அர்த்தமில்லாத வேலை. 1638-இல் லைடன் நகரில் அச்சான தன் கடைசிப் பெரிய நூலில் கலிலியோ சீரான இயக்கத்தைப் பற்றிச் சொல்லும் முதல் தேற்றம் இதுதான்: மாறாத வேகத்தில் போகும் பொருள் இரண்டு தூரங்களைக் கடந்தால், அவற்றுக்கு ஆகும் நேரங்களின் விகிதமும் அந்தத் தூரங்களின் விகிதமும் ஒன்றே. ஏழாம் வகுப்பு நோட்டில் அந்தப் பெண் போட்ட கணக்கும் இதுவே.

தேற்றத்தைவிட அதற்கு முன்னால் அவர் வைத்த வரையறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சம நேரங்களில் சம தூரம் போனால் சீரான வேகம் என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தச் சம நேரத்தை எடுத்தாலும் சம தூரம் போயிருக்க வேண்டும் என்கிறார். மணிக்கு மணி பார்த்தால் 60 கி.மீ. சரியாக வரும், அந்த மணிக்குள் கால் மணி நின்றும், மீதியில் ஓடியும் சமாளித்திருக்கலாம். அது சீரான வேகம் இல்லை. நம் பாடப் புத்தகங்கள் 'சீரான வேகத்தில்' என்று ஒரே சொல்லில் கடந்துபோகிற இடம் இது. பிள்ளைகளும் அதைத் தாண்டி எண்களுக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் கணக்கு முழுவதும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. விகிதத்தைப் போடுவது ஒரு நிமிட வேலை. எது மாறாமல் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

சென்னையிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போகிறீர்கள். சாலை வழி ஏறத்தாழ 330 கி.மீ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நகரத்துக்குள்ளிருந்து பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது, வந்த தூரம் 25 கி.மீ. சொச்சம். இந்த விகிதத்தில் போட்டால் திருச்சி போய்ச்சேர 13 மணி நேரம் ஆகும். யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். செங்கல்பட்டு தாண்டிவிட்டால் வண்டி பறக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், நடுவில் மோட்டலில் இருபது நிமிடம் நிற்கும் என்றும் தெரியும். சரியாகக் கணக்குப் போடுகிறவர் என்ன செய்வார்? நகரத்துக்குள் போன நேரத்தை ஓரமாக வைப்பார். மோட்டல் நேரத்தை ஓரமாக வைப்பார். செங்கல்பட்டுக்கு அப்புறம் நெடுஞ்சாலையில் பத்துக் கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அந்த விகிதத்தை மிச்சமிருக்கும் நெடுஞ்சாலைக்கு மட்டும் போடுவார். ஓரமாக வைத்ததையெல்லாம் கடைசியில் கூட்டிக்கொள்வார். வழிகாட்டும் மேப் ஆப் செய்வதும் அடிப்படையில் இதைத்தான். பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேகம் வைத்து, நேரங்களைக் கூட்டுகிறது.

ரயில் அட்டவணையில் இது இன்னும் வேடிக்கை. சென்னை - மதுரை தேஜஸ் 2019-இல் தொடங்கியபோது ஆறரை மணி நேரப் பயணம். தூரம் ஏறத்தாழ 495 கி.மீ., சராசரி மணிக்கு 76 கி.மீ. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து அளந்தால் 76 என்ற வேகம் அபூர்வமாகத்தான் கண்ணில் படும். நல்ல பாதையில் நூறைத் தாண்டி ஓடும், ஸ்டேஷனில் பூஜ்யம், நுழையும்போதும் கிளம்பும்போதும் நடுவில் ஏதோ ஒன்று. அப்புறம், எந்த எக்ஸ்பிரஸ் அட்டவணையை எடுத்துப் பார்த்தாலும் கடைசி ஸ்டேஷனுக்கு முந்தைய நிறுத்தத்திலிருந்து கடைசி ஸ்டேஷன் வரைக்கும் தாராளமாக நேரம் கொடுத்திருப்பார்கள். வழியில் ஏற்பட்ட தாமதத்தை அங்கே ஈடுகட்டிக்கொள்வதற்காகத்தான் அது. அந்தத் துண்டுக்கு மட்டும் விகிதம் போட்டால் சூப்பர்ஃபாஸ்ட் வண்டி சைக்கிளைவிடச் சற்றே வேகமாகப் போவதாக விடை வரும்!

அடுத்த நாள் அந்தப் பெண் ஒரு விதியோடு வந்தாள். ஒன்று கூடும்போது இன்னொன்றும் கூடினால் நேர் விகிதம். ஒன்று கூடும்போது இன்னொன்று குறைந்தால் எதிர் விகிதம். பரீட்சைக்கு இது போதும், பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் சொல்லியும் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவளுக்கு வயது கூடும்போது அவள் அப்பாவுக்கும் வயது கூடுகிறது. அவள் வயது இரண்டு மடங்கு ஆகும்போது அப்பா வயதும் இரண்டு மடங்கு ஆகிவிடுமா? மெழுகுவர்த்தி எரியும் நேரம் கூடக்கூட அதன் உயரம் குறையும்; அது எதிர் விகிதம் இல்லை, ஏனென்றால் எதிர் விகிதமாக இருந்தால் அது எரிந்து தீரவே தீராது. கூடுகிறதா குறைகிறதா என்பது அரைச் சோதனைதான். ஒன்றை இரண்டு மடங்கு ஆக்கினால் மற்றது சரியாக இரண்டு மடங்கு ஆகிறதா, அல்லது சரியாகப் பாதியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆட்டோ மீட்டர் நல்ல உதாரணம். 2013-இல் சென்னைக்கு அறிவித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். 1.8 கிலோமீட்டருக்கு 25 என்றால் 3.6-க்கு 50 என்று விகிதம் சொல்லும். மீட்டர் சொல்வது 46 ரூபாய் 60 காசு. தொடக்கத்தில் ஒரு நிலையான தொகை ஒட்டிக்கொண்டிருப்பதால் விகிதம் செல்லவில்லை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மீதி விகிதத்துக்குள் வந்துவிடும். (மீட்டர் போட்டு ஓடினால்தானே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.) மோட்டலில் நிற்கும் இருபது நிமிடமும் இதே மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் தொகைதான்.

எதிர் விகிதத்தில் பெரியவர்களே ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நூறு கிலோமீட்டர் தூரம். மணிக்கு 40-இல் போனால் 150 நிமிடம். 60-இல் போனால் 100 நிமிடம். 80-இல் 75. 100-இல் 60. 120-இல் 50. ஒவ்வொரு முறையும் வேகத்தை அதே 20 கி.மீ. கூட்டுகிறோம். மிச்சமாவது முதலில் 50 நிமிடம், பிறகு 25, பிறகு 15, கடைசியில் பத்தே நிமிடம். நான்குவழிச் சாலையில் காருக்கு 2018 அறிவிப்பின்படி உச்சவரம்பு 100. அதை மீறி 120-இல் ஓட்டி நூறு கிலோமீட்டரில் மிச்சம் பிடிக்கும் பத்து நிமிடம், வழியில் டீ குடிக்க நிறுத்தினால் போயே போய்விடும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நகரத்துக்குள் சராசரி 10-இல் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியை 20 ஆக்கினால், பத்தே கிலோமீட்டரில் அரை மணி நேரம் மிச்சம். நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வேகமான இடத்தை விட்டுவிட்டு, மெதுவான இடத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். கார் வைத்திருக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், அப்புறம் அதே மாதிரி ஓட்டுவார்கள்.

போட்டித் தேர்வுகளில் தவறாமல் வரும் கேள்வியும் இங்கேதான் பிறக்கிறது. போகும்போது 40, அதே வழியில் திரும்பும்போது 60, சராசரி வேகம் என்ன? 50 என்று எழுதினால் அவுட். வேகங்களின் விகிதம் 2 : 3. தூரம் ஒன்றே என்பதால் நேரங்களின் விகிதம் தலைகீழாக 3 : 2. மொத்த நேரத்தை ஐந்து பங்கு வைத்தால் மூன்று பங்கு 40-இல் கழிகிறது, இரண்டே பங்குதான் 60-இல். அப்படியென்றால் சராசரி 40-இன் பக்கம்தான் சாயும்: (40 × 3 + 60 × 2) / 5 = 48. இதற்கு ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். போகும் தூரமும் வரும் தூரமும் வேறு வேறாக இருந்துவிட்டால் அந்தச் சூத்திரம் கைவிட்டுவிடும், பங்கு போடும் வழி கைவிடாது.

லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்டால் இன்னொரு பொழுதுபோக்கு இருக்கிறது. வண்டி என்ஜின் என் முன்னால் வந்ததிலிருந்து கடைசிப் பெட்டி தாண்டும்வரை விநாடி எண்ணுவேன், பெட்டிகளையும் எண்ணுவேன். எல்.எச்.பி. என்கிற புதிய ரகப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 24 மீட்டர். 24 பெட்டியும் என்ஜினும் சேர்ந்து 600 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 20 விநாடியில் தாண்டியது என்றால் விநாடிக்கு 30 மீட்டர், மணிக்கு 108 கி.மீ. சரக்கு வண்டி வந்தால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு நேரம் சொன்னதில் பஸ், ரயில், கப்பல் எதுவும் கலிலியோ கேட்ட அளவுக்குச் சீரான வேகத்தில் போவதில்லை. துண்டு போட்டு, கழித்து, சமாளித்துத்தான் விகிதத்துக்குள் கொண்டுவந்தோம். அப்படிச் சமாளிக்கத் தேவையில்லாத ஒன்று மழைக்காலத்தில் வீட்டு வாசலிலேயே கிடைக்கும். மின்னல் வெளிச்சம் நம் கண்ணுக்கு வர ஆகும் நேரம் கணக்கிலேயே சேராது. இடிச் சத்தம் காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் வருகிறது. பூஜ்யம் டிகிரியில் 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும், நம் ஊரின் 30 டிகிரியில் 349. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. மின்னல் அடித்ததும் எண்ணத் தொடங்குங்கள்; 9 விநாடியில் இடி கேட்டால் 3 கி.மீ., 15 விநாடி என்றால் 5 கி.மீ. 30 விநாடிக்குள் கேட்டுவிட்டால் மின்னல் 10 கி.மீ. தூரத்துக்குள் விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அடுத்தது அதே மேகத்திலிருந்து உங்கள் தெருவிலேயே விழலாம். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தால் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வந்து எடுத்துக்கொள்ளலாம்.